குப்பைக்குழியோடு எனக்கிருந்த போட்டி

ஒரு மனுஷனைப் பார்த்து இன்னொரு மனுஷனுக்கு வயிறு எரிந்தால் உலகம் அதைப் புரிந்துகொள்ளும். தம்பி வாங்கிய நிலத்தைப் பார்த்து அண்ணன் எரிவான். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய ஸ்கூட்டரைப் பார்த்து இந்த வீட்டுக்காரன் எரிவான். நான் பல வருஷம் எரிந்தது ஒரு குப்பைக்குழியைப் பார்த்து. இதைப் போய் வெளியில் யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், இந்த வயதில் எனக்கென்ன போச்சு.

நான் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அப்போது அங்கே கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் 'ஓசூர் கம்பெனிக்காரன்' என்றால் தனி மவுசு. நாகரசம்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனபோது, மாந்தோப்பு வைத்திருந்த மாமனார் என்னை அதிகம் விசாரிக்கக்கூட இல்லை. "மிஷின்ல வேலையா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். உடனே உள்ளே பார்த்துக் காபி கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

கல்யாணமான புதிதில் என் மனைவிக்கு என் வேலையைக் கேட்பதில் அவ்வளவு ஆசை. ஷிப்ட் முடிந்து வந்து கை கால் கழுவுவதற்குள், "இன்னிக்கு என்னா செஞ்சீங்க?" என்பாள். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டு சொல்லுவேன். ஒரு தண்டு மயிரிழை அளவு தடிமனாக இருந்தால் பேரிங்குக்குள் இறங்காது, மயிரிழை அளவு இளைத்திருந்தால் ஆடும், இரண்டுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் என் பிழைப்பு என்று விளக்குவேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி கண் கொட்டாமல் கேட்பாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் குழம்பு அடிக்கடி அடிப்பிடித்தது. அந்தத் தீய்ந்த குழம்பை நான் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஓசூர் ஓரத்தில், பின்பக்கம் கொஞ்சம் காலியிடம் உள்ள ஒரு வீட்டில் குடியிருந்தோம். முன்பக்கம் வீட்டுச் சொந்தக்காரர், தமிழ் பேசுகிற பாய். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம். எண்பதுகளின் நடுவில், பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, மனைவி ரேடியோவில் விவசாயிகளுக்கான பேச்சைக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு நாள் யாரோ ஒரு அதிகாரி கம்போஸ்ட் போடுவது எப்படி என்று பேசியிருக்கிறார். எல்லா ஊரிலும்தான் குப்பைக்குழி இருக்கிறது. வீட்டைப் பெருக்கிக் கொட்டுவோம், சாணியை வாரிக் கொட்டுவோம், வருஷத்துக்கு ஒருமுறை வண்டி கட்டி வயலுக்கு அடிப்போம். ஆனால் அந்த அதிகாரி சொன்னது வேறு. அடுக்கடுக்காகப் போட வேண்டும், காய்ந்தது ஒரு அடுக்கு, பச்சை ஒரு அடுக்கு, நடுவில் சாணிக் கரைசல், மேலே பழைய எருவை ஒரு பிடி தூவ வேண்டும், இடையிடையே கிளறிவிட வேண்டும், குப்பை உள்ளே சூடேறி வெந்து எருவாகிவிடும் என்றாராம்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். பின்பக்க மூலையில் குழி வெட்டினாள். பாய் மார்க்கெட்டில் விலை போகாத அழுகல் தக்காளியை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் மாடு வைத்திருந்த கன்னடக்காரம்மா சாணி கொடுத்தாள். கதிர் அறுத்த ராகித் தாளை என் மனைவியே எங்கிருந்தோ வாங்கி வந்தாள். முதல் தடவை தக்காளி அதிகமாகி நாற்றம் தெருவைத் தூக்கியது. பாய் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், இதோடு இந்தக் கூத்து முடிந்தது என்று. அவள் அதற்குள் ராகித் தாளை இன்னும் அள்ளிப் போட்டுக் கிளறிவிட்டாள். நாற்றம் போய்விட்டது. இன்னொரு தடவை சரியாக வேகாத எருவைப் பாய் வீட்டம்மாவின் ரோஜாச் செடிக்குப் போட்டு, செடி வாடிச் செத்தது. அதற்கும் அவள் அசரவில்லை.

குழி சூடாகிறதா என்று பார்க்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. ஒரு இரும்புக் கம்பியைக் குழியின் நடுவயிறு வரைக்கும் செருகி வைத்திருப்பாள். காலையில் எழுந்ததும், வாசல் தெளிப்பதற்கு முன்னால், பின்பக்கம் போய் அந்தக் கம்பியை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். கை பொறுக்காத சூடு இருந்தால் முகம் மலர்ந்துவிடும். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்குக் கிளறல். ஜில்லென்று இருந்துவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. அந்தக் கம்பி நான் கம்பெனி ஸ்கிராப்பில் இருந்து கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது. நம் கையால் நாமே கொண்டுவந்து கொடுத்த வினை.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு நல்ல ஜுரம். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறேன். அவள் வந்து புறங்கையால் நெற்றியைத் தொட்டாள். "கொஞ்சம் சூடா இருக்குதுங்க" என்றாள். எழுந்து பின்பக்கம் போனாள். அங்கிருந்து குரல் வருகிறது, பக்கத்து கன்னடக்காரம்மாவிடம்: "இன்னிக்குத் தொடவே முடியல, அப்பிடி ஒரு சூடு!" அந்தக் குரலில் இருந்த ஆனந்தம் இருக்கிறதே, என் ஜுரம் எவ்வளவு ஏறினாலும் அது எனக்குக் கிடைத்திருக்காது. அந்தம்மா பதிலுக்கு, "நிம்ம திப்பே தும்பா சென்னாகிதே" என்று குப்பைமேட்டைப் புகழ்கிறாள். போர்வைக்குள் இருந்தபடி இரண்டு பேரையும் மனசுக்குள் திட்டினேன். மாட்டுச் சாணிக்கு இருக்கிற மதிப்புக்கூட இந்த வீட்டில் எனக்கு இல்லையே என்று உண்மையிலேயே கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்போதுதான் கவனித்தேன். "இன்னிக்கு என்னா செஞ்சீங்க?" என்ற கேள்வி வீட்டில் நின்று வெகுநாளாகியிருந்தது. எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. குழம்பும் அடிப்பிடிக்கவில்லை. பக்குவமான குழம்பு, நல்ல சாப்பாடு, பேச ஆள் இல்லை. நானாக ஒரு நாள், "இன்னிக்கு ஒரு புது மிஷின் எறக்கினாங்க" என்று ஆரம்பித்தேன். "அப்பிடிங்களா, அது வந்த மரப்பெட்டியில மரத்தூள் கெடைக்குமா?" என்றாள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இதற்குள் அவள் பேர் வெளியில் பரவிவிட்டது. ஓசூரைச் சுற்றி ரோஜா போட ஆரம்பித்தவர்கள் எரு கேட்டு வந்தார்கள். விவசாய ஆபீஸில் இருந்து ஜீப்பில் வந்து பார்த்தார்கள். கிருஷ்ணகிரியில் ஒரு கண்காட்சிக்குக் கூப்பிட்டு, ஒரு மேசையில் அவள் எருவைக் கூடையில் வைத்து, பக்கத்தில் அவளையும் நிற்க வைத்தார்கள். அவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். எங்கள் கம்பெனி ஆண்டு விழாவுக்கு நான் கூப்பிட்டபோது கட்டாத சேலை. நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவள் எருவைப் பற்றிப் பேசுவதைக் கேட்டேன். எத்தனை பேர் கேட்கிறார்கள்! நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன், ஆனால் கேட்டது ஒரே ஒரு ஆள். அந்த ஆளும் இப்போது எரு மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என்னை, "வாங்க, கம்போஸ்ட்டம்மா வூட்டுக்காரரே" என்று கூப்பிட்டான். மேலே உள்ள ஆபீஸர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆஹா, புது மிஷினைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். "உங்க வீட்டுல அம்மாகிட்ட ஒரு மூட்டை எரு சொல்லி வைங்க, தோட்டத்துக்கு" என்றார். திரும்பி வந்து அரத்தை எடுத்து நான் போட்ட ராவலில், கையில் இருந்த வேலைத்துண்டு பாழானது. அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். குப்பையா? சரி. குப்பையிலேயே மோதிப் பார்த்துவிடலாம்.

நான் ஃபிட்டர். மண்ணைத் தோண்டிப் புதைக்கிறது காட்டுவேலை, இந்தக் காலத்துக்கு மிஷின் வேண்டும் என்று நினைத்தேன். ஸ்கிராப் ஏலத்தில் ஒரு எண்ணெய் பேரல் எடுத்தேன். அதைக் குறுக்கே படுக்க வைத்து, இரண்டு பக்கமும் பேரிங் போட்டு, கைப்பிடி வைத்து, ஸ்டாண்டில் ஏற்றினேன். கைப்பிடியைச் சுற்றினால் டிரம் சுற்றும், உள்ளே குப்பை புரளும். மண்வெட்டி வேண்டாம், இடுப்பு ஒடியக் கிளற வேண்டாம். இன்றைக்குக் கடைகளில் அழகான கலரில் இதே டிரம்மை விற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அடுக்குமாடிக்காரர்கள் வாங்குகிறார்கள். சூட்டைக் காட்ட முள், சுற்ற மோட்டார், எல்லாம் வந்துவிட்டது. நாளைக்கு அதுவே போன் போட்டு, 'தண்ணி காஞ்சிடுச்சு, வந்து ஊத்து' என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை. விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம், அட பாவிகளா, இது என் டிரம்மாச்சே என்று எனக்கு ஆறவே ஆறாது.

வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் டிரம்மில் ஓட்டை இருக்கிறது. என்னுடையதில் இல்லை. ஒரு ஃபிட்டர் செய்த மூடியில் ஓட்டை இருந்தால் அவன் என்ன ஃபிட்டர்? ரப்பர் கேஸ்கெட் வெட்டி வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கினேன். கம்பெனியில் கசிவு பார்க்கிற மாதிரியே, சோப்புத் தண்ணீரை மூடியைச் சுற்றித் தடவி, உள்ளே காற்றடித்துப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈ போகாது, எறும்பு போகாது, மழை போகாது, நாற்றம் வெளியே வராது, உன் குழி மாதக்கணக்கில் செய்வதை இது வாரக்கணக்கில் செய்துவிடும் என்று சொன்னேன்.

அவள் மூடியைத் தட்டிப் பார்த்தாள். "காத்து எப்பிடி போவும்?" என்றாள்.

"காத்து போச்சுன்னா நாத்தம் வராதா?"

"வராதுங்க. போவாட்டித்தான்..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "செரி, பாக்கலாம்" என்று குழிக்குப் போய்விட்டாள். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். குழந்தை மண்ணில் வீடு கட்டுவதைப் பார்த்து 'நல்லாருக்குது' என்பார்களே, அப்படி ஒரு 'செரி'.

ராயக்கோட்டையில் அந்த வாரம் தக்காளி விலை விழுந்து, ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பாய் எனக்கும் தாராளமாகக் கொண்டுவந்து கொடுத்தார். கேன்டீனில் மிஞ்சிய சோற்றையும் சாம்பாரையும் வாங்கி வந்து அதோடு சேர்த்து அடைத்தேன். தினமும் காலையில் அவள் கம்பியை உருவும் நேரத்துக்கே நானும் போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். அவள் பக்கம் மண்வெட்டிச் சத்தம், என் பக்கம் பேரிங் சத்தம். வழுக்கிக்கொண்டு சுற்றியது, வெண்ணெய் மாதிரி. அந்தக் கொஞ்ச நாள் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மூடி முன்பக்கம் உப்பியிருந்தது. தகரம் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டியது, தம்மென்று கேட்டது. சரி, மெதுவாக ஒரு போல்ட்டைத் தளர்த்தலாம் என்று ஸ்பானரை வைத்தேன். சீறியது. ஏதோ தப்பு என்று தெரிந்து நான் விலகினேன். மூடி என் காதோரமாகப் பறந்துபோய் விழுந்தது. உள்ளே இருந்த அத்தனையும் கூழாகக் கிளம்பி, பாய் வீட்டுப் பின்சுவரில் போய் அடித்தது. மகள் கல்யாணத்துக்காக அவர் முந்தின நாள்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார். அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கன்னடக்காரம்மாவின் மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி, அந்தத் தக்காளிய நான் பெங்களூருக்கே லோடு ஏத்தி அனுப்பியிருந்தாக்கூட இவ்வளவு வேகமா போயிருக்காது" என்றார். என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எங்கள் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள். அன்று முழுக்க நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அவள் அந்தக் கூழை ஒரு சொட்டு விடாமல் வழித்து, ராகித் தாளோடு கலந்து தன் குழியில் சேர்த்தாள். சில மாதத்தில் அதுவும் நல்ல எருவாகிவிட்டது. எனக்கு அது இன்னும் எரிந்தது.

அதோடு விட்டாளா? ஜீப்பில் வருகிறவர்களுக்கெல்லாம் என் டிரம்மைக் காட்ட ஆரம்பித்தாள். "குப்பைக்கும் மூச்சு வுடணுங்க. மூச்சு வுடலைன்னா என்னா ஆவும்னு எங்க வூட்டுக்காரரு செஞ்சு பார்த்துட்டாரு" என்பாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். சிலர் மூடி எங்கே போய் விழுந்தது என்று இடத்தைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அந்தச் சிரிப்புக்குள் நான் எத்தனை தடவை பல்லைக் கடித்தேன் என்று அவளுக்கே தெரியாது.

தொண்ணூறுகள் பிறந்தன. ஒரு கோடையில் கம்பெனியில் சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்து கேட்டை மூடிவிட்டார்கள். நாங்கள் தினமும் போய் மூடிய கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அப்போது பார்த்து அவளுக்குக் கடிதம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் மண்புழு உரம் தயாரிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், மாவட்டத்தில் இருந்து உங்களை அனுப்புகிறோம், தங்க இடம் சாப்பாடு எல்லாம் உண்டு, சில வாரம் இருந்து கற்றுக்கொண்டு வாருங்கள் என்று. என் கம்பெனியே என்னை உள்ளே விடாத மாதத்தில், என் பெண்டாட்டியை அரசாங்கம் வண்டிச் சத்தம் கொடுத்துக் கூப்பிடுகிறது. ஐயோ சாமி, அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது.

"போயிட்டு வரட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"என்னை என்னாத்துக்குக் கேக்கற? உன் குழியப் போயிக் கேளு."

"அதைக் கேட்டுட்டேன். அது செரின்னுடுச்சு. நீங்கதான் பாக்கி" என்றாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்குக் கிளம்பினேன். அவள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட லீவு. பிள்ளைகளை நாகரசம்பட்டியில் அவள் அப்பா வீட்டில் விட்டுவிட்டு அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டாள். போகும்போது குழிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பாடு சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. நான் என்ன அதற்கு வேலைக்காரனா? சில நாள் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காய்ந்து போகட்டும் என்றே இருந்தேன். வெயில் கொளுத்தியது. கேட்டுக்குப் போனால் அங்கே பேச ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தால் இங்கேயும் பேச யாருமில்லை. ஒரு காலையில், சும்மாதான், போய் அந்தக் கம்பியை உருவிப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

எனக்குத் திக்கென்றது. குழி செத்துவிட்டது என்ற கவலை இல்லை. அவள் வந்ததும் கம்பியைத் தொடுவாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அப்புறம் ஜீப்பில் வருகிறவர்களிடம் டிரம்மைக் காட்டுவதோடு இதையும் சேர்த்துச் சொல்லுவாள். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது. கம்பெனி கேட்டும் மூடிய பிறகு, வீட்டிலும் நான் ஒன்றுக்கும் உதவாதவன் ஆகிவிட்டால் அப்புறம் எங்கே போய் நிற்பது?

மண்வெட்டியை எடுத்துத் தோண்டினேன். நடுவில் சருகாகக் காய்ந்து எறும்பு புற்று வைத்திருந்தது. வெளியே எடுத்துப் போட்டு நனைத்தேன். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. அவள் சொன்னது காதில் விழாமலா இருந்திருக்கிறது! கன்னடக்காரம்மாவிடம் சாணி கேட்டேன். "யஜமானரே வந்துட்டாரா?" என்று அவளும் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் கொடுத்தாள். மீண்டும் அடுக்கினேன். சும்மா அடுக்கவில்லை. மூச்சு வேண்டும் என்கிறாயே, இதோ வைத்துக்கொள் என்று, கரண்ட் ஒயர் போகிற பழைய கண்டியூட் குழாய்களை வெட்டி, உடம்பெல்லாம் துளை போட்டு, அடுக்குக்கு அடுக்கு குறுக்கும் நெடுக்குமாகப் பதித்தேன். துளைகள் எல்லாம் ஒரே அளவு. மேலே ஈரச் சாக்கு போர்த்தினேன்.

கொஞ்ச நாளில் கம்பியை உருவியவன் 'ஆ' என்று கீழே போட்டுவிட்டேன். கை சிவந்துவிட்டது. அந்த இடத்திலேயே தனியாக நின்று சிரித்தேன். அன்றைக்குக் கேட்டுக்குப் போய் ஒவ்வொருவனிடமும் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள், வேறு பேச்சு இல்லாததால் ரொம்ப நன்றாகவே கேட்டார்கள். அப்புறம் எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. கோழி வந்து கிளறினால் கம்பெடுத்துக்கொண்டு ஓடினேன். பாய் ஒருநாள் ஆசையாக உள்ளே கையை விட்டார். "பாய், பாய், கையை எடுங்க, சூடு போயிடும்" என்று நான் கத்தினதில் மனுஷன் மிரண்டுவிட்டார்.

அவள் வந்து இறங்கினாள். கையில் ஈரச் சாக்குப் பை. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும், "பையை ஆட்டாம பிடிங்க, உள்ள அதுங்க இருக்குது" என்றாள். அதுங்க என்றால் மண்புழுக்கள். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன், தேர்வு ரிசல்ட் பார்க்கப் போகிற மாதிரி. கம்பியை உருவினாள். உள்ளங்கையில் வைத்தாள். குழாய்களைப் பார்த்தாள். ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள். "நல்லாருக்குது" என்றாள். அவ்வளவுதான். "ஆனா இந்தச் சூட்டுல புழுவ வுட முடியாது, வெந்துடும்" என்று சொல்லிவிட்டு, எதிர் மூலையில் கீற்று போட்டு நிழல் பண்ணி, புழுவுக்குத் தனிப்படுக்கை போட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு எப்படி இருக்கும்? வெந்தது நான்தான். முன்பு குழியைப் பார்த்து எரிந்தவன், இப்போது குழிக்குச் சொந்தக்காரனாகிப் புழுவைப் பார்த்து எரிந்தேன். விடிந்தால் புழு, விளக்கு வைத்தால் புழு. "இனிமே காலம் இதுங்களோடதுதாங்க. கிளறவே வேணாம், அதுங்களே உழுதுடும்" என்று பாயிடம் பேசுகிறாள். என் குழிப்பக்கம் தலை திரும்பவே இல்லை. திரும்பினால் கழுத்து சுளுக்கிவிடும் போல அவ்வளவு கவனமாகத் திரும்பாமல் இருந்தாள். நானும் முறைப்பாகவே என் குழியைப் பார்த்துக்கொண்டேன்.

புழு வந்த செய்தி பரவி, ஜீப்பில் அதிகாரிகளும் ரோஜாத் தோட்டக்காரர்கள் சிலரும் வந்தார்கள். அவள் கீற்றை விலக்கிக் காட்டினாள். படுக்கை போட்டு வெகுநாள் ஆகவில்லை, புழுவெல்லாம் அடியில் போய் ஒளிந்திருந்தது. தேடித் தேடி ஒன்றை எடுத்துக் காட்டினாள். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். கூட்டத்தில் இருந்த ஒரு ரோஜாத் தோட்டக்காரர் மெதுவாக நகர்ந்து என் குழிக்கு வந்தார். சாக்கை விலக்கிக் கை நிறைய அள்ளினார். கறுப்பாக, உதிரி உதிரியாக, முதல் மழை மண்வாசனையோடு இருந்தது. மற்றவர்களையும் கூப்பிட்டார். எல்லோரும் புழுவை விட்டுவிட்டு இங்கே வந்து சுற்றி நின்றார்கள். 

"என்னா நயம்! இது யாரு போட்டது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கிறேன். அதற்குள் அவள், "நான்தாங்க" என்றாள்.

"இந்தக் குழாய்?"

"அதுவும்... நான்தாங்க. காத்துக்காவ."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் எழுதிக்கொண்டார்கள், பாராட்டினார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். டீக்கடையில் போய் உட்கார்ந்து டீயை ஆறவிட்டேன். இத்தனை வருஷம் அவள் பெயருக்குப் பின்னால் நின்றேன், சரி. டிரம்முக்குச் சிரித்தார்கள், அதுவும் சரி. என் கையால் வந்த ஒரே ஒரு நல்லது, அதையும் பிடுங்கிக்கொண்டாளே! இனி இவளிடம் பேச என்ன இருக்கிறது என்று ஆகிவிட்டது.

வீடு திரும்பியபோது வெளிச்சம் இருந்தது. அவள் புழுப் படுக்கை ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கையில் வேலை இல்லாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டிரம் வெடித்ததை ஊருக்கெல்லாம் என் பெயரில் சொன்னாயே, இதை மட்டும் ஏன் உன் பெயரில் சொன்னாய் என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். பாய் வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள்.

"வயிறு எரிஞ்சுதுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன எரிந்தது என்றேன்.

"பஸ்ஸ வுட்டு வந்து கம்பியத் தொட்டன் பாருங்க, அப்பவே. இத்தினி வருசமா நான் போட்ட குழியில ஒரு நாளும் அப்பிடி சூடு வந்ததில்ல. அந்தக் குழாய் எனக்குத் தோணவே இல்ல. சில வாரத்துல வந்து செஞ்சு வெச்சுட்டீங்களே. அன்னியிலிருந்து எனக்குச் சோறு எறங்கல. அதான் அந்தப் பக்கமே பாக்காம புழுவே கதின்னு கெடந்தேன். இன்னிக்கு அவங்க எல்லாரும் என்னைய வுட்டுட்டு அங்க போயி நின்னதும் தாங்கல. வாயில வந்துடுச்சு."

"என்னைப் பாத்தா உனக்குப் பொறாமை?"

"பின்ன? பாயைப் பாத்தா?" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நான் சண்டை போடத்தான் வந்தேன். அதற்கான வார்த்தைகளை டீக்கடையிலேயே வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகிறவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவள் கோபத்தில் ஒரு பிடி ஈர மண்ணை அள்ளி என் சட்டை மேல் எறிந்தாள். என் பெண்டாட்டிக்கு என்னைப் பார்த்துப் பொறாமை! கம்பெனி கேட் இழுத்து மூடிக் கிடந்த அந்தக் கோடையில், எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.